பேத்திகளுக்குப் பின்னிய கோடைச் சட்டைகள்: மண்டபம் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியைத் தாண்டி மண்டபத்தை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் ஒடுங்கி, வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருபுறமும் நெருங்கி வரும். அந்தப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில் இந்த நிகழ்வு நடந்தது. பின்னியவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. கணவர் ராணுவத்தில் பணியாற்றியபோது பஞ்சாபில் படைக் குடியிருப்பில் சில ஆண்டுகள் வாழ்ந்து, அண்டை வீட்டுப் பெண்களிடம் கம்பிப் பின்னலைக் கற்றுக்கொண்டவர். கண்ணிகளை இன்றும் இந்தியில் 'சீதா' (நேர்), 'உல்டா' (தலைகீழ்) என்றே எண்ணுகிறார். அவருடைய கை நல்ல கை. கண்ணிகள் ஒரே சீராக விழும், ஓரங்கள் கோணாது. ஆனால் கற்றது முழுவதும் குளிருக்கான ஸ்வெட்டர் வேலை. மார்கழியிலும் போர்வைக்கு மேல் எதுவும் தேவைப்படாத கடற்கரையில் அந்தத் திறமைக்குப் பல ஆண்டுகள் வேலை இல்லாமல் இருந்தது.

அவருக்கு மூன்று பேத்திகள். மகனுடைய பெண்கள் இருவர், 7 வயதும் 4 வயதும், அதே தெருவில் இருக்கிறார்கள். மகளுடைய பெண், 2 வயது, தொண்டிப் பக்கம் ஒரு கடலோர ஊரில் வளர்கிறாள். மகன் விசைப்படகுத் தொழிலில் இருப்பவர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வருவதால், குடும்பம் முழுவதும் ஒரே வீட்டில் கூடுவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். அந்தக் கூடுகைக்காக மூவருக்கும் கையால் பின்னிய கோடை மேல்சட்டை ஒவ்வொன்று பரிசாகக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தார்.

நான் அந்த ஊரில் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுப்பவள். முதல் தொகுதிச் சட்டைகள் அணியப்படாமல் கிடந்த பிறகு, காரணம் தெரியவேண்டும் என்று அவற்றை அவர் என்னிடம் கொண்டுவந்தார். அதற்கு முன் நடந்தவற்றைப் பாட்டியும் மருமகளும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இரண்டு கதைகளும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போன பகுதியை மட்டுமே இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் மூன்று சட்டைகள்

நூல் இராமநாதபுரத்தில் ஒரு ஃபேன்சி கடையில் வாங்கப்பட்டது. 'பேபி உல்லன்' என்ற பெயரில் விற்கப்பட்ட அந்த நூல் தொடுவதற்கு மிக மென்மையாக, ரோஸ், எலுமிச்சைப் பச்சை, வான நீலம் ஆகிய நிறங்களில் பளிச்சென்று இருந்தது. வடிவத்தை அவர் நினைவிலிருந்தே எடுத்தார்: கையில்லாத ஸ்வெட்டர், மார்புப் பகுதியில் மட்டும் துளைப்பின்னல். 4 வயதுக்காரியின் சட்டையில் தோள்பட்டிக்குப் பதிலாகக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சிடும் இரண்டு நீளக் கயிறுகள் இருந்தன. மூன்றும் பார்வைக்கு அழகானவை. கத்திரி வெயில் தொடங்கிய சில நாட்களில் அவை பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

கவனித்தவை

மூத்தவள் அன்று மாலை அணிந்து, புகைப்படம் எடுத்தவுடன் கழற்றிவிட்டாள். இரண்டாமவள் மறுநாள் காலை அணிந்து, மதியத்துக்குள் "அப்பத்தா, அரிக்குது" என்று சொல்லிக் கழற்றினாள். அவள் முதுகில் வேர்க்குரு பொரிந்திருந்தது. கடைக்குட்டியின் சட்டை தொண்டிக்குப் போனது. "நல்லா இருக்கும்மா, அளவும் சரியா இருக்கு" என்று மகள் தொலைபேசியில் சொன்னார். அதன் பிறகு அந்தச் சட்டையைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

பரிசாக வந்த உடையின் குறை, கொடுத்தவரின் காதுக்கு எட்டாமலேயே போய்விடுகிறது. மாமியார் இரவெல்லாம் உட்கார்ந்து பின்னியதைப் பிள்ளை போடுவதில்லை என்று மருமகள் வாய் திறந்து சொல்லமாட்டார். தாயின் மனம் நோகும் என்று மகளும் சொல்லமாட்டார். இந்த நிகழ்வில் உண்மையைச் சொன்னது 4 வயதுப் பிள்ளை மட்டுமே. ஆகவே, "பிடித்திருக்கிறதா" என்று இனி எவரிடமும் கேட்பதில்லை என்றும், "இதுவரை எத்தனை தடவை துவைத்தாய்" என்று மட்டுமே கேட்பது என்றும் பாட்டியிடம் பேசி முடிவு செய்தேன். அந்தக் கேள்விக்கு மரியாதைக்காகப் பொய் சொல்லவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. முதல் தொகுதிக்குக் கிடைத்த பதில்: மூத்தவளுடையது ஒரு தடவை, இரண்டாமவளுடையது ஒரு தடவை, தொண்டிக்குப் போனது ஒரு தடவையும் இல்லை.

மருமகளிடம் பொறுமையாகப் பேசியபோது இன்னொன்றும் தெரியவந்தது. துளைப்பின்னலில் உடம்பு தெரிகிறது என்பதால் அவர் இரு பிள்ளைகளுக்கும் உள்ளே பெட்டிகோட் போட்டு, அதன் மேல் இந்தச் சட்டையை அணிவித்திருந்தார். காற்று புகவேண்டும் என்று வைத்த துளைகளே இரண்டாவது அடுக்குத் துணியை வரவழைத்திருந்தன. இது எந்தப் பின்னல் மாதிரியிலும் எழுதியிருக்காத காரணம். அந்த வீட்டிற்குள் நின்று பார்த்தால்தான் தெரியும்.

நூலைத் தேர்ந்தது

முதல் வேலையாக, கடை நூலில் ஒரு சிறு துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேல் எரித்துப் பார்த்தேன். அது சுருங்கி உருகி, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக உறைந்தது. பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வந்திருக்கும். மிஞ்சும் சாம்பலும் விரலில் தேய்த்தால் பொடியாகியிருக்கும். 'உல்லன்' என்று நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி கம்பளி கலவாத அக்ரிலிக் என்ற செயற்கை இழை. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு அளவுக்கு ஈரத்தை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் 2 பங்கு அளவே வாங்கும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் இந்தக் கரையில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அதை உறிஞ்சாத துணி தோலை ஒட்டிக்கொள்ளும்போது வியர்வைத் துளைகள் அடைபட்டு வேர்க்குரு வருகிறது. அக்ரிலிக் அடுப்புச் சூட்டில் உருகித் தோலில் ஒட்டக்கூடியது என்பதையும், அடுப்படியில் சுற்றித் திரியும் வயதுப் பிள்ளைகள் என்பதால், சேர்த்துக் கணக்கில் எடுத்தோம்.

பருத்தி என்று முடிவானாலும் எந்தப் பருத்தி என்பது அவ்வளவு எளிதாக முடியவில்லை. திருப்பூரிலிருந்து ஒரு உறவினர் மூலம் வந்த பனியன் நூல் கூம்புகள் விலை குறைவானவை. ஆனால் அவை இயந்திரத்துக்கான மெல்லிய நூல்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை அடங்குகின்றனவோ அதுவே பருத்தி நூலின் எண். எண் கூடக் கூட நூல் மெலியும். பனியன் நூலைக் கையால் பின்னவேண்டுமென்றால் பல இழைகளைச் சேர்த்துப் பிடிக்கவேண்டும். முறுக்கிச் சேர்க்காத இழைகள் கம்பி முனையில் பிரிந்து, ஒவ்வொரு வரிசையிலும் ஓரிரு இழைகள் விடுபட்டு, வளையலிலும் கொலுசிலும் மாட்டும் சிறு வளையங்களாக வெளியே நின்றன. அதைக் கைவிட்டோம்.

மேசைவிரிப்புக்குக் குரோஷா போடும் பளபளப்பான நூலை அடுத்துப் பார்த்தோம். பருத்தியை இழுத்துப் பிடித்த நிலையில் காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்குவதால் அந்தப் பளபளப்பு வருகிறது. காஸ்டிக் சோடாப் பக்குவத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டவர் ஜான் மெர்சர், அதனால்தான் மெர்சரைஸ்டு என்கிறார்கள்; இழுத்துப் பிடிப்பது பின்னால் சேர்ந்தது. அந்தப் பக்குவம் நூலுக்கு வலுவையும் கூட்டும், சாயத்தையும் நன்றாகப் பிடிக்கச்செய்யும். எங்களுக்குக் கிடைத்த நூல் இறுக்கமாக முறுக்கப்பட்டிருந்ததால் கழுத்தோரத்தில் கரகரத்தது. மூங்கில் விஸ்கோஸ் (மூங்கில் கூழிலிருந்து செய்யும் இழை) கலந்த நூல் தொட்டவுடன் குளுமையாக இருந்தது, பாட்டிக்கு அதன் மேல்தான் ஆசை. விஸ்கோஸ் நனைந்த நிலையில் வலுவைப் பெருமளவு இழக்கும். பருத்தி நேர்மாறாக நனைந்தால் வலுக்கும். மகன் வீட்டில் துணி துவைகல்லில் அடித்துத் துவைக்கப்படுகிறது. ஆகவே நான் மூங்கில் வேண்டாம் என்றேன். கொஞ்சம் வாதத்துக்குப் பிறகு அவர் ஏற்றுக்கொண்டார்.

கடைசியில் தபாலில் வரவழைத்த, தளர்வாக முறுக்கிய கைப்பின்னல் பருத்தி நூலைத் தேர்ந்தோம். அதிலும் முதலில் 8 இழை நூலில் மூத்தவளுக்கு ஒன்று பின்னிப் பார்த்தார். நனைத்துத் தூக்கியபோது அது குழந்தைச் சட்டையின் கனமாகவே இல்லை. பிறகு 4 இழைக்கு மாறினோம். இதற்கு உழைப்பு கூடுதல்: 8 இழையில் 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 22 கண்ணி, 28 வரிசை, அதாவது 616 கண்ணிகள், 4 இழையில் 28 கண்ணி, 36 வரிசை, 1008 கண்ணிகள். ஒன்றரை மடங்குக்கும் மேல். இருந்தும் மெல்லிய துணியைத் தேர்ந்ததன் காரணம் கீழே துவைப்பைப் பற்றிய பகுதியில் வரும்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஈரமான வெள்ளைத் துணியில் நூலை அழுத்திச் சுற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்தோம். சிவப்பு சாயம் விட்டது, தள்ளப்பட்டது. வெள்ளையை மருமகள் தள்ளினார். ஆழ்துளைத் தண்ணீரில் அது பழுப்பேறிவிடும் என்றார். அக்கா தங்கைக்கு வேறு வேறு நிறம் கொடுத்தால் சண்டை வரும் என்பதால் இருவருக்கும் ஒரே மாம்பழ மஞ்சள்.

அளவு

வயதை வைத்து அளவு போடும் அட்டவணைகள் 4 வயதுக்கு மார்புச் சுற்று 58.5 சென்டிமீட்டர் என்கின்றன. நாடாவை வைத்து அளந்தபோது இந்தப் பிள்ளைக்கு 54 தான் இருந்தது. காற்றோட்டத்துக்காக 6 சென்டிமீட்டர் தளர்வு சேர்த்து, முடிந்த சட்டையின் சுற்று 60 என்று வைத்தோம்.

மாதிரித் துண்டு பின்னுவதில் பாட்டிக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அக்ரிலிக்கில் அது இல்லாமலேயே அவருக்குச் சரியாக வந்திருக்கிறது. 8 இழைச் சட்டையில் அந்தப் பழக்கம் செல்லுபடியாகவில்லை. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று கணக்கிட்டு ஏற்றியது, துவைத்த பின் 20 ஆகத் தளர்ந்தது. 60 சென்டிமீட்டர் சுற்றுக்கான 132 கண்ணிகள் 66 சென்டிமீட்டராக விரிந்தால் அக்குள் தொங்கும், தோள்பட்டி வழுக்கும். பருத்திக்கு அக்ரிலிக்கின் மீள்தன்மை கிடையாது. இழுபட்டால் இழுபட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

4 இழைக்கு 15 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்று பின்னப்பட்டது. அதை எங்கள் வசதிப்படி அலசாமல், மருமகளிடமே கொடுத்து, வீட்டுத் துணியோடு சேர்த்து, அதே தண்ணீரில் மூன்று முறை துவைத்துக் காயவைத்துத் தரச் சொன்னோம். 28 கண்ணி 27 ஆனது. அதன்படி 168க்குப் பதிலாக 162 கண்ணிகள் ஏற்றப்பட்டன. கம்பி பழைய கணக்கில் 10ஆம் எண், அதாவது 3.25 மில்லிமீட்டர். ரிப் பட்டிகளுக்கு (நேரும் தலைகீழுமாக மாறி மாறிப் பின்னும், விரிந்து கொடுக்கும் ஓரப் பட்டிகள்) மட்டும் 12ஆம் எண் மெல்லிய கம்பி. பருத்தி ரிப் விரைவில் வாய் பிளந்துவிடும் என்பதால் அந்த மாற்றம். இன்னொன்றையும் கவனித்தேன்: உச்சி வெயிலில் வியர்த்த கையோடு பின்னிய வரிசைகள் இரவில் பின்னியவற்றைவிட இறுகியிருந்தன. அதன் பிறகு அவர் விளக்கு வைத்த பிறகே கம்பியைத் தொட்டார்.

கழுத்தும் பொத்தானும்

கழுத்துக் கயிறு முதலில் நீக்கப்பட்டது. ஊஞ்சலிலும் சன்னல் கம்பியிலும் படகின் ஓரத்திலும் விளையாடும் பிள்ளையின் கழுத்தில் இறுகக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. சிறு குழந்தைகளின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் இழுத்துக் கட்டும் கயிறுகளை ஐரோப்பியத் தரவிதி ஈ.என். 14682 அனுமதிப்பதில்லை. அகலமான தோள்பட்டிகள் வைத்து, பட்டியின் முனையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொத்தான் துளைகள் விட்டோம். வளர்ந்தால் அடுத்த துளைக்கு மாற்றலாம்.

பருத்திக் கழுத்து தலைக்குள் நுழையாது என்பதும் இங்கே தெரிந்தது. 4 வயதுப் பிள்ளையின் தலைச்சுற்று ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அக்ரிலிக் ரிப் விரிந்து கொடுத்தது. பருத்தி ரிப் காதில் மாட்டி நின்றது. ஒரு தோளில் 8 சென்டிமீட்டர் திறப்பும், கண்ணி முடிக்கும் வரிசைக்கு இரண்டு எண் பருத்த கம்பியும் அதைத் தீர்த்தன. அழுத்துப் பொத்தான்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை விடும். தேங்காய்ச் சிரட்டைப் பொத்தான்களை வைத்தோம். 2 வயதுக்காரிக்குப் பொத்தானே வேண்டாம் என்றேன். 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை, கையில் கிடைப்பதை வாயில் போடும். அவளுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் தோளில் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்புக் கழுத்து.

துளைப்பின்னல் மார்பிலிருந்து இறக்கப்பட்டு, பாவாடைக்கு மேல் விழும் கீழ் விளிம்பில் ஒரு பட்டியாக மட்டும் வைக்கப்பட்டது. உடல் பகுதி முழுவதும் துளையில்லாத நேர்ப்பின்னல், கீழே சற்று அகன்று, இருபக்கமும் சிறு பிளவுகளோடு. பெட்டிகோட்டின் தேவை போனது.

துவைகல், கொடி, வேலி

இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், செலவிட்டதும் சரி என்றே நினைக்கிறேன். மகன் வீட்டில் குடிக்கக் குடத்தண்ணீர் விலைக்கு வாங்குகிறார்கள். துவைப்பது ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரில். அந்த நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத மாவாகப் படிகின்றன. தடித்த பின்னல் துணி அந்த மாவைக் கண்ணிகளுக்குள் பிடித்துக்கொள்கிறது. நான்கு முறை அலசவேண்டியதை, தண்ணீர்ச் சிக்கனம் கருதி இரண்டு முறையோடு நிறுத்தினால், காய்ந்த துணி விறைத்துக் குழந்தையின் கழுத்தை உராயும். 8 இழைச் சட்டையும் அரித்தது; அதற்கு நூல் காரணமில்லை, அலசப்படாத சோப்பே காரணம். மாமியாரோ மருமகளோ பொறுப்பேற்கவேண்டிய குறை அன்று அது. அந்த வீட்டில் இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற துணியாக அது இல்லை, அவ்வளவே. 4 இழைத் துணி குறைந்த நீரில் அலசப்படும், வேகமாகக் காயும். கட்டிச் சோப்புக்குப் பதிலாக உவர்நீரில் நுரைக்கும் சலவைத்தூள், கடைசி அலசலுக்கு மட்டும் அரை வாளி நல்ல தண்ணீர் என்று மருமகளே வழி சொன்னார்.

காயவைப்பதில் இரண்டு சிக்கல்கள். தோளில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்ட 8 இழைச் சட்டை, நனைந்த எடையாலும் கச்சான் காற்றின் இழுப்பாலும் 38 சென்டிமீட்டர் நீளத்திலிருந்து 42க்குப் போயிருந்தது. மொட்டை மாடியில் பனையோலைப் பாய் விரித்து, தண்ணீரைப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றியெடுத்து, அதன்மேல் பரப்பி உலர்த்துவது என்று வைத்துக்கொண்டார்கள். அவசரத்துக்குக் கொடியில் போட்டாலும், நடுவில் மடித்துப் போடவேண்டும் என்பது ஏற்பாடு.

இரண்டாவது சிக்கல் வேலி. கொடி நிறைந்துவிட்டால் துணிகள் சீமைக்கருவேல வேலியின் மேல் விரிக்கப்படும்; இந்தப் பக்கம் அது எல்லா வீட்டிலும் நடப்பது. தைத்த துணிக்கு முள் ஒரு சிறு ஓட்டை போடும், அவ்வளவுதான். பின்னலில் ஒரு இழை அறுந்தால் கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏணிபோல் இறங்கும். பக்கத்து வீட்டில் வலை பழுது பார்க்கும் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டால் போதாதா என்று கேட்டார். வலையின் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சில் நிற்கிறது, ஆகவே ஒன்று அறுந்தால் அடுத்தது அசையாது. கம்பிப் பின்னலில் முடிச்சே கிடையாது, ஒரு கண்ணியை அடுத்த கண்ணி மட்டுமே பிடித்திருக்கிறது. இறங்கிய கண்ணிகளைக் குரோஷா ஊசியால் ஒவ்வொன்றாக மேலேற்றி, மேல் முனையை உள்பக்கம் தைத்து நிறுத்தவேண்டும். இதை மூத்த பேத்தி பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

பின்விளைவுகள்

இரண்டாம் தொகுதிச் சட்டைகள் பள்ளி திறப்பதற்குச் சற்று முன்பே தயாராகின. ஆடி முடியும்போது கேட்ட கேள்விக்கு, இரண்டாமவளின் சட்டையை எத்தனை தடவை துவைத்தோம் என்று கணக்கு வைக்கவில்லை என்று மருமகள் சொன்னார். மூத்தவள் வாரத்துக்கு ஒருமுறையாவது அணிகிறாள். பள்ளி விட்டு வந்ததும் மாற்றிக்கொள்ளும் சட்டையாக அது ஆகியிருந்தது. வேர்க்குரு அந்தச் சட்டைகளால் வந்ததாக இருவரும் சொல்லவில்லை. கழுத்தோர ரிப் சிறிது தளர்ந்திருந்தது. மூத்தவளின் சட்டையில் முள் கிழித்த ஓர் இறக்கம் இருந்தது, சரி செய்யப்பட்டது. ஒருமுறை இருவரும் அதே சட்டையோடு பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீரில் இறங்கி விளையாடிவிட்டு வந்து, அலசாமல் உலர்த்தியதில், உப்புப் படிந்து மறுநாளும் அது பிசுபிசுத்தது. நல்ல தண்ணீரில் ஊறவைத்ததும் சரியானது.

தொண்டியில் நிலைமை வேறு. கடைக்குட்டியின் சட்டையை மகள் சில தடவை அணிவித்துவிட்டு, 'ஊருக்குப் போகும்போது போடுவதற்கு' என்று பீரோவில் வைத்துவிட்டார். முழுவதும் உலராத நிலையில், பாலித்தீன் பைக்குள், அந்துருண்டையோடு. வடகிழக்குப் பருவமழைக் காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது முன்பக்கம் முழுவதும் கரும்புள்ளிகள். அந்துருண்டை பூச்சியைத் தடுக்கும், பூஞ்சையைத் தடுக்காது. பருத்தி பூஞ்சைக்கு நல்ல உணவு. புள்ளிகள் வெயிலில் போட்டும் முழுதாகப் போகவில்லை. இதை மகள் தானாகவே தொலைபேசியில் சொன்னார் என்பதை இங்கே குறிப்பிடவேண்டும். முதல் தொகுதியின்போது அப்படி நடக்கவில்லை.

அடுத்த முறைக்கு

முதல் மாற்றம் வரிசையில்: நாங்கள் நூலில் தொடங்கி, தண்ணீரில் வந்து முடித்தோம். துவைக்கும் நீர், துவைப்பவர், உலர்த்தும் இடம் ஆகியவற்றை முதலில் பார்த்திருந்தால், 8 இழைச் சட்டையைப் பின்னியிருக்கவே வேண்டியதில்லை. சட்டையைப் பெறும் வீட்டிலேயே மாதிரித் துண்டைத் துவைத்துப் பார்ப்பது தொடரும். தொண்டி வீட்டுக்கும் தனியாக ஒரு துண்டு போகும். சட்டையோடு சேமிப்பு முறையையும் சொல்லி அனுப்பவேண்டும்: நன்கு உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, மழைக்காலத்தில் வெயில் வரும் நாட்களில் வெளியே எடுத்துப் போடவேண்டும். கழுத்தோர ரிப்புக்குக் கண்ணியைப் பின்புறமாகக் குத்தி எடுக்கும் முறுக்கு ரிப் அடுத்த தொகுதியில் வரும். அது அதிகம் தளராது. விளிம்புத் துளைப் பட்டியில் பிள்ளையின் விரல் மாட்டாத அளவுக்குத் துளைகள் சிறிதாக்கப்படும்.

3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்தக் கரையில் கைப்பின்னல் கோடைச் சட்டை பொருந்தாது என்பது என் கருத்து. எச்சிலும் சிந்திய சாதமும் பட்டு நாளுக்கு இருமுறை மாற்றவேண்டிய வயதில், பின்னலைவிட இலகுவாகத் துவைபட்டு அரைமணியில் காயும் மல் துணிக் கவுனே அவளுக்கு உகந்தது. அதை நானே தைத்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறேன். பாட்டி இதை ஏற்கவில்லை. அக்காமார் இருவருக்கும் பின்னியது கிடைத்து இவளுக்கு மட்டும் தைத்தது கிடைத்தால், விவரம் தெரிந்த பிறகு என்ன நினைப்பாள் என்பது அவருடைய வாதம். கவுனும் தைப்பது, சட்டையும் பின்னுவது என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. எது எத்தனை தடவை துவைக்கப்படுகிறது என்று மகள் குறித்து வைப்பார். கடைக்குட்டிக்கான புதிய சட்டையின் முதுகுப் பகுதி ஏற்கெனவே பாதி முடிந்து கம்பியில் இருக்கிறது.